கண்ணாடித் தொட்டியில் ஓர் அமானத்



2023-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் மழையில் மூழ்கடித்த நாள்களை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பணிபுரியும் நான், அவ்வூரிலேயே ஒரு மாடி வீட்டில் குடும்பத்துடன் வாடகைக்கு இருக்கிறேன். எங்கள் கூடத்தில் அறுபது லிட்டர் கொள்ளளவுள்ள கடல்நீர்த் தொட்டி ஒன்று இருந்தது. அதில் ஒரு தோல் பவளம், மூன்று காளான் பவளங்கள், பச்சை நட்சத்திரம் போல் விரியும் ஒரு சிறு பவளப் படலம், இரண்டு கோமாளி மீன்கள். பத்து வயது மகளின் ஆசைக்காகத் தொடங்கியது. ஓராண்டுக்குள் எனக்கே பேராசையாக வளர்ந்துவிட்டது.

மின்சாரம் நின்ற இரண்டாம் இரவு, கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்ததால் அங்கிருந்த வெளிமாநிலத் தொழிலாளி ஒருவர் மனைவியுடனும் கைக்குழந்தையுடனும் எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தார். இன்வர்ட்டரில் எஞ்சியிருந்த மின்சாரம் சில மணி நேரத்துக்கே போதும். ஒருபுறம் கொசுக்கடியில் அழும் குழந்தை, மறுபுறம் நீரோட்டம் நின்றால் மூச்சுத் திணறிச் சாகும் உயிர்கள். உண்மையைச் சொல்கிறேன்: நான் தயங்கினேன். விசிறியைப் போடுவதா, தொட்டியின் மோட்டாரை ஓடவிடுவதா என்று ஒரு கணம் கணக்குப் போட்டேன். என் தாயார் ஒன்றும் பேசாமல் எழுந்து சென்று விசிறியின் பொத்தானை அழுத்தினார்கள்.

மறுநாள் காலை மீன்கள் இறந்து மிதந்தன. அதற்கடுத்த நாள் தோல் பவளம் சுருங்கிக் கரைந்து, வீடு முழுவதும் நாற்றம் பரவியது. மகள் அழுதாள். அந்த இரவில் என் தாயார் செய்தது சரி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அப்படியொரு தேர்வுக்கு எங்களைத் தள்ளியது புயல் மட்டும்தானா? மின்கலத்தில் இயங்கும் சிறு காற்றுக் குழாய் ஒன்று என்னிடம் இருந்திருந்தால் குழந்தைக்கும் காற்று கிடைத்திருக்கும், தொட்டிக்கும் காற்று கிடைத்திருக்கும். ஆயிரக்கணக்கில் செலவழித்து விளக்கு வாங்கிய நான், சில நூறு ரூபாய்ப் பொருளை வாங்க மறந்திருந்தேன். பார்வைக்கு அழகானதை எல்லாம் வாங்கினேன்; பொறுப்புக்கு வேண்டியதை வாங்கவில்லை.

இன்று நம் குடும்பங்களில் பலரும் கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்படுகின்றனர். "தொடங்குபவர்களுக்கு மென்பவளம் எளிது" என்று கடைக்காரர்களும் காணொளிகளும் சொல்கின்றன. எளிது என்பது ஓரளவு உண்மைதான். ஆனால் வளர்ப்பது எளிது என்பதால் பொறுப்பும் இலேசாகிவிடுவதில்லை என்பதே என் கருத்து.

பவளம் என்பது என்ன?

அர்ரஹ்மான் அத்தியாயம் அல்லாஹ்வின் அருட்கொடைகளை எண்ணிச் சொல்லும் இடத்தில் முத்துடன் 'மர்ஜான்' என்பதையும் சேர்த்துக் குறிப்பிடுகிறது. மர்ஜான் என்பது சிறு முத்துகள் என்று சில விரிவுரையாளர்களும், செம்பவளம் என்று வேறு சிலரும் விளக்கியுள்ளனர். மோதிரத்தில் பதிக்கும் அந்தச் செம்பவளம் மத்தியதரைக் கடலிலிருந்து நெடுங்காலமாக எடுக்கப்பட்டு வருவது. அதைக் கல் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அது கல்லன்று, எட்டுக் கைகள் கொண்ட நுண்ணிய உயிர்கள் கூட்டமாக வாழ்ந்து கட்டிய வீடு. தொடங்குபவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் தோல் பவளமும் இதே எட்டுக்கைப் பவள வகுப்பைச் சேர்ந்ததே. ஆக, விரலில் அணியும் பவளத்துக்கு நெருங்கிய உறவு, பாறை கட்டும் கல்பவளங்களைவிட, தொட்டியில் அசைந்தாடும் இந்த மென்பவளமே.

மென்பவளத்தின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. ஒளியைக் கொண்டு அவை உணவு சமைக்கின்றன. அதில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. பவளமோ அவற்றுக்கு இருப்பிடமும் உரமும் அளிக்கிறது. நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் இந்த உறவு முறிகிறது. பாசிகள் வெளியேற, பவளம் வெளுத்துப்போகிறது. 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் பெரும் பரப்பில் நிகழ்ந்தது இதுதான். ஏப்ரல், மே மாதங்களில் கும்மிடிப்பூண்டி வீட்டுக் கூடத்தில் உள்ள சிறு தொட்டியில் நிகழக்கூடியதும் இதுவே.

எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்

நம் முன்னோரில் பலர் கடலோடு வாழ்ந்தவர்கள். கீழக்கரையும் காயல்பட்டினமும் முத்துக் குளித்தலோடு பெயர் பெற்ற ஊர்கள். எங்கள் பூர்வீகமான பழவேற்காட்டிலும் மரைக்காயர்கள் கடல் வணிகத்தால் வாழ்ந்தவர்கள். பழவேற்காட்டில் பவளப்பாறை இல்லை. ஏரியும் ஆற்று முகத்துவாரமும் கலக்கும் அந்தக் கலங்கல் நீர் பவளத்துக்கு ஒவ்வாது. தமிழகத்தின் பவளம் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியே பெரும்பாலும் செழித்திருந்தது. அப்பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

அந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரண்டு இன்று நீருக்கடியில் இருக்கின்றன. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல பத்தாண்டுகள் பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததால் அலையைத் தடுக்கும் அரண் போனது. அரண் போனதும் மண்ணும் போனது. வெட்டியவர்கள் கொடியவர்கள் அல்லர். ஒவ்வொருவரும் ஒரு படகு, ஒரு வண்டி என்று எடுத்தவர்களே. "நான் ஒருவன் எடுப்பதால் என்ன குறைந்துவிடும்?" என்ற எண்ணமே தீவை மூழ்கடித்தது. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் பவளத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வளர்க்கும் பணியைச் செய்துவருகிறது. ஒருசாரார் உடைத்ததை மற்றொரு சாரார் துண்டு துண்டாகத் திரும்ப நடுகின்றனர்.

2001-ஆம் ஆண்டு பாறை கட்டும் கல்பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவற்றுடன், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உரிய பாதுகாப்பு அது. மீறினால் மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. தொட்டியின் அடியில் வைப்பதற்காக 'லைவ் ராக்' என்று விற்கப்படும் பாறைத் துண்டுகள் பலவும் கல்பவளத்தின் எலும்புக்கூடே என்பதை வாங்குவோர் பெரும்பாலும் அறிவதில்லை. செயற்கையாகச் செய்யப்பட்ட பீங்கான் பாறைகள் கிடைக்கின்றன. அவை போதும்.

தோல் பவளம், காளான் பவளம் போன்றவை அந்தப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை. அதனால் விற்பவர் தைரியமாக விற்கிறார். வாங்குபவர் நிம்மதியாக வாங்குகிறார். ஆனால் தேசியப் பூங்காவுக்குள்ளிருந்து எந்த உயிரையும் எடுப்பது குற்றமே. கடையில் இருக்கும் துண்டு அங்கிருந்து வந்ததா, முறைப்படி இறக்குமதியானதா, யாரோ ஒருவர் வீட்டில் வளர்த்ததா என்பது பார்த்தால் தெரியாது. ஹலால் தெளிவானது, ஹராம் தெளிவானது, இரண்டுக்கும் நடுவே பலர் அறியாத ஐயத்துக்குரியவை உண்டு, அவற்றைத் தவிர்ப்பவர் தம் மார்க்கத்தைக் காத்துக்கொள்கிறார் என்ற கருத்துடைய நபிமொழியை நாம் வட்டிக்கும் இறைச்சிக்கும் நினைவுகூர்கிறோம். மீன் கடையிலும் நினைவுகூர்ந்தால் என்ன?

இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. மென்பவளத்தை வெட்டி நட்டால் பிழைக்கும். நன்கு வளர்ந்த தோல் பவளத்திலிருந்து ஒரு துண்டை அறுத்துச் சிறு கல்லில் கட்டி வைத்தால் சில வாரங்களில் ஒட்டிக்கொண்டு தனி உயிராகிவிடும். எனவே கடலிலிருந்து வந்ததை வாங்காமல், வீட்டில் வளர்த்தவரிடமிருந்து ஒரு துண்டு பெறுங்கள். உங்களுடையது வளர்ந்ததும் இன்னொருவருக்கு ஒரு துண்டு கொடுங்கள். கொளத்தூரும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களும் நன்னீர் வண்ண மீன்களை வளர்த்தே பெயர் பெற்றவை. கடலிலிருந்து பிடிக்காமல் தொட்டியில் பெருக்கி விற்பது நம் பகுதிக்குப் புதிதன்று.

வீண்விரயம் என்பவர்களுக்கு

"பக்கத்துத் தெருவில் குடத்துடன் பெண்கள் நிற்கும்போது உனக்கு உப்புத் தண்ணீர்த் தொட்டி தேவையா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நானும் கணக்குப் பார்த்தேன்.

மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் புகுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஆழ்துளைக் கிணற்று நீரைப் பவளத்துக்கு நேரடியாகப் பயன்படுத்த முடியாது, ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்த நீரில்தான் கடலுப்புக் கலவையைக் கரைக்க வேண்டும். அறுபது லிட்டர் தொட்டிக்கு வாரம் ஆறு லிட்டர் மாற்றுகிறேன். ஆவியாகும் நீருக்கு ஈடாக இன்னும் ஐந்தாறு லிட்டர் ஊற்றுகிறேன். ஆகப் பன்னிரண்டு லிட்டர். இந்த அளவு நல்ல நீருக்கு இரண்டு மூன்று மடங்கு கழிவு நீரை எங்கள் இயந்திரம் வெளியேற்றுகிறது. தொடக்கத்தில் அது சாக்கடைக்குப் போனது. இப்போது வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் பயன்படுத்துகிறோம். அப்படிச் செய்யாதவரை என் நண்பர் சொன்னது சரியே, அது இஸ்ராஃப்தான்.

செலவிலும் இதே அளவுகோல் வேண்டும். பொருள்களைத் தவணையில் வாங்கித் தொட்டி வைக்கத் தேவையில்லை. ஸகாத்தும் பிள்ளைகளின் படிப்பும் உறவினர் உரிமையும் போக மிஞ்சியதில் செய்ய இயலாதவர், இயலும்வரை காத்திருப்பதே நலம். காத்திருப்பதில் இழிவு ஒன்றுமில்லை.

அடைத்து வைக்கலாமா?

இதில் மார்க்கத் தீர்ப்புக் கூறும் தகுதி எனக்கில்லை. உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்டறிந்ததைப் பகிர்கிறேன். அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைர் என்னும் சிறுவர் ஒரு சிறு பறவையை வளர்த்தார். அது இறந்தபோது அவர் வாடியிருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அந்தப் பறவையின் பெயரையே எதுகையாக்கிக் கனிவுடன் விசாரித்தார்கள். இந்த ஒரு சிறு நிகழ்விலிருந்து இப்னுல் காஸ் என்னும் ஷாஃபிஈ சட்ட அறிஞர் அறுபது படிப்பினைகளை எடுத்துக்காட்டித் தனி ஏடே எழுதினார். உணவளித்துத் துன்புறுத்தாமல் பறவையை வளர்க்கலாம் என்பதற்கும் அறிஞர்கள் இதனைச் சான்றாகக் காட்டுவர்.

மறுபக்கம், பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், அது தானே தேடி உண்ணவும் விடாமல் சாகடித்த பெண்ணைப் பற்றிய நபிமொழியை நாம் அனைவரும் அறிவோம். அப்பெண் பூனையை வைத்திருந்ததற்காகக் கண்டிக்கப்படவில்லை. வைத்துக்கொண்டு கைவிட்டதற்காகவே கண்டிக்கப்பட்டாள். இந்த இரண்டு நபிமொழிகளுக்கும் நடுவேதான் நம் கண்ணாடித் தொட்டி நிற்கிறது. கடலில் இருக்கும்போது பவளத்துக்கு நீரையும் ஒளியையும் அலையையும் அல்லாஹ் நேரடியாக வழங்குகிறான். அதைத் தொட்டிக்குள் கொண்டுவந்த நாளிலிருந்து அந்த மூன்றுக்கும் நாம் பொறுப்பாளர்கள். அமானத் என்ற சொல்லுக்கு இதைவிடக் கண்கூடான விளக்கத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது கடினம்.

பொறுப்பு என்றால் எவை?

முதலாவது, பொறுமை. தொட்டியில் நீரும் பாறையும் வைத்த பின், கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை எந்த உயிரையும் விடக்கூடாது. வெற்றுத் தொட்டியை ஒரு மாதத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியாதவர் பவளம் வளர்க்க ஆயத்தமாகவில்லை என்று பொருள்.

இரண்டாவது, நிலைத்தன்மை. ஒரு லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 35 முதல் 38 கிராம் கடலுப்புக் கலவை. சமையல் உப்பு உதவாது. அடர்த்தி 1.025 அளவில் இருக்க வேண்டும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு அங்கேயே தங்கிவிடும். ஆதலால் குறைந்த அளவை நன்னீரால்தான் நிரப்ப வேண்டும். வெப்பம் 24 முதல் 27 பாகைக்குள் இருப்பது நன்று. நம் கோடையில் அது தானாக அமையாது. நீர்ப்பரப்பின் மேல் சிறு விசிறி வைத்தால் ஓரிரு பாகை குறையும். அது போதாத வீட்டில் குளிர்விப்பான் வேண்டும். அதற்கு வழியில்லையெனில் நன்னீர் மீன்களோடு நிறுத்திக்கொள்வதே அந்த உயிர்களுக்குச் செய்யும் கருணை.

மூன்றாவது, மின்தடைக்கான முன்னேற்பாடு. இதை நான் இழந்து கற்றேன்; நீங்கள் இழக்காமல் கற்றுக்கொள்ளுங்கள். மின்கலக் காற்றுக் குழாய் ஒன்றை முதல் நாளே வாங்கிவிடுங்கள். ஒளி இரண்டு நாள் இல்லாவிட்டாலும் மென்பவளம் தாங்கும். நீரோட்டமும் காற்றும் இல்லாமல் தாங்காது.

நான்காவது, பிள்ளைகளின் பாதுகாப்பு. பொத்தான் போல் வண்ண வண்ணமாக விற்கப்படும் ஸோவாந்தித் வகைகளில் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. அவற்றை வெறுங்கையால் தேய்ப்பதோ, அவை ஒட்டிய பாறையைக் கொதிநீரில் போடுவதோ ஆபத்து, ஆவியே நஞ்சாகும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அவை வேண்டாம் என்பேன். காளான் பவளமும் தோல் பவளமுமே போதும். எதைத் தொட்டாலும் கையைக் கழுவுவது கட்டாயம்.

ஐந்தாவது, முடிவுக்கான பொறுப்பு. வளர்க்க இயலாமல் போனால் வேறொரு வளர்ப்பாளரிடம் ஒப்படையுங்கள். பழவேற்காடு ஏரியிலோ கடலிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். அதைப் புண்ணியம் என்று சிலர் எண்ணுகின்றனர். வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாஃபைகஸ் என்னும் அயல் பாசி மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவருகே பவளங்களின் மேல் படர்ந்து மூடியதை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். நம் தொட்டியிலிருந்து செல்லும் ஓர் உயிர் எங்கே போய் எதை மூடும் என்பது நமக்குத் தெரியாது.

மீண்டும் அதே தொட்டி

புயலுக்குப் பிறகு ஓராண்டுக்கும் மேல் எங்கள் தொட்டி வெறுமையாகவே இருந்தது. மகள் கேட்கும்போதெல்லாம், "நாம் தயாரா?" என்று திருப்பிக் கேட்டேன். ஒருநாள் அவள் ஒரு தாளில் பட்டியல் எழுதிக் கொண்டுவந்தாள்: காற்றுக் குழாய், வெப்பமானி, வாரம் ஒருமுறை நீர் மாற்றும் நாள், நாங்கள் ஊருக்குப் போனால் யார் பார்ப்பது என்பது வரை. அதன் பின்னரே ஒரு நண்பர் வீட்டில் வளர்ந்த தோல் பவளத்திலிருந்து விரல் அளவுத் துண்டு ஒன்றைப் பெற்று வந்தோம். வேறெதுவும் இன்னும் வாங்கவில்லை.

அந்தத் துண்டு சில நாள்களுக்கு ஒருமுறை சுருங்கி, மெழுகு போன்ற மேல்தோலை உரித்துவிட்டு மறுபடி விரிகிறது. முதல்முறை அப்படி ஆனபோது மகள் பதறிவிட்டாள். இப்போது, "தோல் உரிக்குது வாப்பா, ஒண்ணும் ஆகாது" என்று எனக்கே சொல்கிறாள். மஃரிபுக்குப் பின் தொட்டியின் விளக்கு அணையும் நேரத்தில் அதன் கைகள் ஒவ்வொன்றாக உள்ளிழுக்கப்படுவதைப் பார்க்க என் தாயாரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள்.

சென்ற வாரம் அரைமணி நேரம் மின்சாரம் நின்றது. நான் எழுவதற்கு முன்பே மகள் காற்றுக் குழாயை எடுத்து நீரில் விட்டுவிட்டு, கைவிசிறியைத் தேடி எடுத்துத் தன் பாட்டியிடம் நீட்டினாள். அல்ஹம்துலில்லாஹ்.

வஸ்ஸலாம்.